பக்கத்து அறையில் ஆள் தூங்குகிறார்

பள்ளியின் துணை முதல்வர் இரண்டாவது முறையும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லு என்று கேட்டபோது, எப்சிபா நாற்காலியிலிருந்து இறங்கி, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், அந்த அம்மாளின் காதருகில் வாயை வைத்துத் தன் பெயரைச் சொன்னாள். வத்சலா மிஸ் சிரித்துவிட்டார். பாலக்காட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சேர்க்கைக்கு வருகிற பிள்ளைகள் அழுவதைப் பார்த்திருக்கிறார், மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறார். காதில் வந்து பெயர் சொல்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறார். எப்சிபாவின் அம்மா பிரிஸ்கில்லாவும் கூடவே சிரித்தாள். புது இடம், கூச்சம் என்றாள்.

மிஸ் ஒரு புத்தகத்தைத் திறந்து கொடுத்தார். ஆமைகள் கரைக்கு வந்து முட்டையிடுவதைப் பற்றி அரைப் பக்கம். எப்சிபா விரலை வரியின் மேல் நகர்த்திக்கொண்டே வாசித்தாள். உதடுகள் அசைந்தன, புள்ளி வந்த இடத்தில் நின்றன, மறுபடி அசைந்தன. மிஸ் முன்னால் சாய்ந்து பார்த்தார். பிறகு எழுந்து போய் ஏசியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்போதும் காற்று மட்டும்தான் கேட்டது. அந்தக் காற்றில் ஒரு பிழைகூட இல்லை என்பது பிரிஸ்கில்லாவுக்குத் தெரியும். அவளால் அந்த உதடுகளை எந்தத் தூரத்திலிருந்தும் படிக்க முடியும், மற்றவர்களால் முடியாது என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

பன்னிரண்டு ஏழு எவ்வளவு என்று மிஸ் கேட்டார். எப்சிபா எட்டு விரலைக் காட்டினாள், மடக்கினாள், நாலு விரலைக் காட்டினாள். மிஸ்ஸின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

அவர் நாற்காலிக்குப் பின்னால் மூடிய கதவு ஒன்று இருந்தது. எப்சிபா வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"உள்ள யாரும் தூங்குதாங்களாம்மா?"

ஏசி நின்றிருந்ததால் அது மிஸ்ஸின் காதிலும் விழுந்தது. பாலக்காட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாமல் இருக்குமா?

"அது ஃபைல் வைக்கிற ரூம் மோளே. அங்க யாரு உறங்கப் போறா?" என்றவர், பிரிஸ்கில்லாவைப் பார்த்தார். "குட்டிக்குத் தொண்டையில எதாச்சும் பிரச்சனை உண்டா? டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது, வீட்டில் தானே பாடம் நடத்தியவள் என்று காட்டக் கொண்டுவந்த தன் பி.எட். சான்றிதழ் மேஜைமேல் மிஸ்ஸின் கைக்குப் பக்கத்தில் கிடக்கிறதே என்பதுதான்.

"தொண்டை கட்டியிருக்கு மிஸ். இந்தத் தூசிக்காத்து அடிச்சுதுல்லா, அதுல இருந்து."

எப்சிபா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"சரி, அது பரவால்ல," என்றார் மிஸ். "நாலாம் கிளாஸ்ல ஒரு சீட்டுதான் இருக்கு. அடுத்த புதன் வரைக்கும் நான் பிடிச்சு வைக்கறேன். கூட்டிட்டு வாங்க. டெஸ்ட்ல எழுதினது நல்லா இருக்கு, கணக்கு நல்லா இருக்கு, எல்லாம் சரி. ஆனா ஒரு கிளாஸ்ல நாப்பது குட்டிங்க. அதுல இவ இப்படிப் பேசினா டீச்சருக்குக் கேக்காது. கேக்கலைன்னா, இவ அங்க இல்லைன்னுதான் அர்த்தம்." எழுந்து ஏசியைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "அடுத்த தடவை நீங்க வெளிய இருங்க. நான் அவகிட்டத் தனியாப் பேசறேன்."

குவைத்தில் அவர்கள் வீடு இருந்த மங்காஃபுக்கு டாக்ஸியில் திரும்பும்போது எப்சிபா அம்மாவின் தோளை இழுத்துக் காதருகில் வந்தாள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கா என்று கேட்டாள். பிரிஸ்கில்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காற்றில் பறந்த மணலில் எதிர்ப்பக்கக் கட்டடங்கள்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"கொஞ்சம்," என்றாள்.

அந்தப் பள்ளியில் சேர வேண்டும் என்று கேட்டது எப்சிபாதான். ஒன்பது வயதுக்குள் அவள் அடம்பிடித்துக் கேட்ட ஒரே விஷயம் அது. அடம் என்றால் தரையில் புரள்வது இல்லை; ஒரு மாதமாகத் தினமும் இரவு படுக்கும்போது அம்மாவின் காதில் வந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். பக்கத்துல ஒரு பிள்ள உக்காந்திருக்கணும்மா. கணக்குச் செய்யும்போது திரும்பினால் பக்கத்தில் தன்னைப் போல ஒருத்தி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அப்பா ஞானதுரையின் கம்பெனியில் பிள்ளைகளின் படிப்புச் செலவில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னதும், முதல் வேலையாக இந்தப் பள்ளிக்கு ஓடினார்கள்.

அவர்கள் குவைத்துக்கு வந்தது மூன்று வருடம் முன்பு, பள்ளி தொடங்கிப் பாதி ஆண்டு ஆன பிறகு. எந்தப் பள்ளியிலும் இடம் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் ஞானதுரை. அடுத்த வருஷம் இடம் இருந்தது, ஆனால் அவருடைய லிஃப்ட் மெக்கானிக் சம்பளத்தில் அந்த இடத்தை வாங்க வழியில்லை. பிரிஸ்கில்லா ஊரில் சாயர்புரத்தில் இரண்டு வருடம் டீச்சராக இருந்தவள். அதுவரைக்கும் நானே சொல்லிக் கொடுக்கேன் என்று பாடப் புத்தகங்களை வரவழைத்து உட்கார்ந்தாள். அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை ஒன்றில் சர்ச்சில் யாரோ ஒரு எஞ்சினியர் மனைவி இதைக் கேட்டுவிட்டு, ஓ, ஹோம் ஸ்கூலிங்கா, ரொம்ப தைரியம் உங்களுக்கு என்றாள். அன்றோடு விஷயம் மாறிவிட்டது. வேறு வழியில்லாமல் செய்துகொண்டிருந்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது, பெயர் கிடைத்ததும் கொஞ்சம் கர்வமும் வந்தது. வெள்ளைப் பலகை வாங்கினாள். பிள்ளையை இயந்திரம் மாதிரி ஆக்குகிறார்கள் என்று பள்ளிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இடம் கேட்டு அலைந்த பள்ளிகளைப் பற்றித்தான் பேசினாள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

வீடு ஷேரிங். இரண்டு படுக்கையறையில் ஒன்று இவர்களுக்கு, மற்றது கணபதிக்கும் அவன் மனைவி மங்கைக்கும். ஹாலும் அடுப்படியும் பொது. கணபதி குப்பூஸ் ரொட்டி போடும் பேக்கரியில் இரவு வேலை. காலையில் ஆறரைக்கு வருவான், ஏழு மணிக்கு அறைக் கதவு மூடும், மத்தியானம் மூன்று மணிக்குத் திறக்கும். மங்கை பகலில் ஒரு கிளினிக்குக்கு வேலைக்குப் போய்விடுவாள். குடிவந்த அன்று மங்கை சொன்னது ஒரே வரிதான்.

"அவருக்கு நைட் டூட்டிக்கா."

அந்த ஒரு வரியின்மேல் மீதி எல்லாவற்றையும் கட்டி எழுப்பியது பிரிஸ்கில்லா. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு லேசில் யாரும் அறை தரமாட்டார்கள். அதற்கு முன் இருந்த வீட்டில், இளையவன் ரூபன் இரண்டு வயதில் ராத்திரி அழுததற்கு இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அந்த மாதிரி இன்னொரு முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க அவளால் முடியாது. அதனால் காலை ஏழிலிருந்து மூன்று வரை, அதாவது வீடு பள்ளிக்கூடமாக இருக்கும் நேரம் முழுக்க, பேச்சு கிடையாது. வாய்ப்பாடு ரகசியக் குரலில், விடை விரலில். டிக்டேஷன் உதட்டில். செய்யுளை மனப்பாடம் சொல்ல வேண்டுமென்றால் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு. ஒலி எப்படிப் பரவுகிறது என்ற அறிவியல் பாடத்தைக்கூட அவள் ரகசியக் குரலில்தான் நடத்தினாள், நடத்தும்போது அதில் அவளுக்கு எந்த வேடிக்கையும் தெரியவில்லை. ரூபனுக்கு ஐந்து வயது, மறந்துபோய் அடிக்கடி கத்துவான், அவன் வாயை மூடவே அவளுக்கு ஒரு கை தனியாக வேண்டியிருந்தது. எப்சிபாவுக்கு ஒருமுறை சொன்னால் போதும். மூன்று மணிக்குப் பிறகு ஏதோ பேசுவாள், மெல்லிய குரலில். ஆனால் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால், ஒரு கேள்வியைக் கேட்டால், குரல் தானாக அணைந்துவிடும். படிப்பு என்றால் அப்படித்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது.

போன வருடம் ஒருநாள் காலை, பாத்ரூம் கதவு இடுக்கில் எப்சிபாவின் கட்டைவிரல் சிக்கிக்கொண்டது. பிரிஸ்கில்லா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ நிற்பது போல இருக்கவே திரும்பிப் பார்த்தால், பிள்ளை நின்றது. நகம் கருநீலமாகி, அதன் ஓரத்தில் ரத்தம் கட்டியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. பிரிஸ்கில்லா விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் உச்சந்தலையில் முத்தமிட்டு, சமத்து, என் தங்கம், சத்தமே போடலியே என்றாள். அதோடு நின்றாளா? அந்த வெள்ளிக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல அழைத்தபோது எழுந்து போய் மைக்கைப் பிடித்து, கர்த்தர் எனக்கு எவ்வளவு பொறுமையுள்ள பிள்ளையைத் தந்திருக்கிறார் பாருங்கள் என்று இதைச் சொன்னாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றது சபை. இரண்டு மூன்று தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது டாக்ஸியில் அது ஞாபகம் வந்தது. மற்றதையெல்லாம் கஷ்டம், சூழ்நிலை என்று சொல்லிக்கொள்ளலாம். மைக்கைப் பிடித்ததற்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை கணபதி வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, ஹாலில் எப்சிபாவை உட்காரவைத்துத் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். வாய்விட்டு வாசி என்றாள். உதடு அசைந்தது. சத்தமாட்டி, சத்தமா என்றாள். எப்சிபா கணபதியின் அறைக் கதவைப் பார்த்தாள். அந்த மாமா போயாச்சுல்லா, பாத்தேல்ல, செருப்பு மாட்டிட்டுப் போனாவல்லா என்றாள் பிரிஸ்கில்லா. பிள்ளை மறுபடி வாயைத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, காற்று வந்தது. மூன்றாவது தடவை பிரிஸ்கில்லாவுக்குக் கோபம் வந்து, பேசேன்ட்டி, வாயில என்ன அடச்சு வச்சிருக்கு என்று கேட்டுவிட்டாள். அந்தக் கோபமும் ரகசியக் குரலில்தான் வந்தது. எப்சிபா புத்தகத்தின் மேல் குனிந்து அழுதாள். அழுகைக்கும் ஓசை இல்லை, முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

ஞானதுரை வேலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"நீ டீச்சருன்னுதானே நான் நம்பி விட்டேன்."

"எனக்கு மட்டுந்தான் கண்ணு தெரியலியா? பிள்ளையப் பெத்தா இப்படிப் பெக்கணும்னு எல்லார்ட்டயும் சொன்னது யாரு?"

"வீட்டுக்கு வந்தா அமைதியா இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. சொன்னேன்."

அவர் சொன்னது உண்மைதான், அதுவே அவளையும் குத்தியது. அமைதியாக இருந்தது. நன்றாக இருந்தது. கணபதியின் தூக்கத்துக்காக என்று தொடங்கியது, எப்போது தன் சௌகரியத்துக்காக ஆனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. கத்தாத, ஓடாத, எதிர்த்துப் பேசாத பிள்ளை. மூன்று மணிக்குப் பிறகும் அவள் அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் சத்தமா விளையாடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"கணபதிட்ட கேளு," என்றார் ஞானதுரை. "ஒரு வாரந்தானே. பகல்ல பிள்ள கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கட்டும்னு கேளு. வேண்டாம்னுட்டா வேற ரூம் பாப்போம்."

கணபதி மறுநாள் காலை வழக்கம்போலச் சூடான குப்பூஸ் பொட்டலத்தோடு வந்தான். புருவத்திலும் காது மடலிலும் மாவு ஒட்டியிருந்தது. கும்பகோணம் பக்கம் ஊர், முப்பத்திரண்டு வயது, எதைச் சொல்வதற்கு முன்னும் ஒரு சிரிப்பைச் சிரித்துக்கொள்கிறவன். பிரிஸ்கில்லா அடுப்படி வாசலில் அவனை நிறுத்தி, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பள்ளியில் நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒரு வாரம் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும், நீங்க தூங்கி எந்திரிக்கப் போற நேரமாப் பாத்து என்று இழுத்தாள்.

அவன் சிரிக்கவில்லை. பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே."

"சொல்லுங்க தம்பி."

"எங்க வீட்டுக்கு அடுத்தது ரைஸ் மில்லு. அந்தச் சத்தத்துலயே பொறந்து வளந்தவன் நான். மில்லு ஓடலன்னாத்தான் எனக்கு முழிப்பு வரும். இங்க வந்து எனக்குப் பகல்ல சரியாத் தூக்கமே இல்லக்கா."

"பிள்ளைங்க சத்தம்..."

"சத்தம் போட்டிருந்தா தூங்கியிருப்பேனே." இப்போது லேசாகச் சிரித்தான். "குசுகுசு குசுகுசுன்னு கேக்கும். என்ன பேசுறாங்கன்னு காது தானா அங்க போயிடும். முதல்ல நம்மளப் பத்தித்தான் பேசுறாங்களோன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, வாய்ப்பாடுன்னு. ஏழாம் வாய்ப்பாட்டுல ரூபன் எப்பவும் அஞ்சேழுலயே நின்னுடுவான். நான் அங்க படுத்துக்கிட்டு முப்பத்தஞ்சுடா முப்பத்தஞ்சுடான்னு சொல்லிக்கிட்டு இருப்பேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எப்படிக்கா சொல்றது? எனக்காக நீங்க அந்தப் பிள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்குறீங்க. நீங்க மெதுவாப் பேசுறதும் எனக்குத் தொந்தரவுதான்னு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? மங்கைகூடச் சொல்லிச்சு, சொல்லாத, மனசு கஷ்டப்படுவாங்கன்னு."

பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, சத்தமாப் படிக்கச் சொல்லுங்கக்கா, எனக்கும் நல்லது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனான். பிரிஸ்கில்லா சூடான பொட்டலத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். இதைக் கேட்டு ஞானதுரை சிரிப்பார் என்று அவளுக்குத் தெரியும், சர்ச்சில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாருமே கேட்காத ஒன்றைத் தன் பிள்ளையிடமிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வாங்கிக்கொண்டவனுக்கும் அது பாரமாக இருந்திருக்கிறது.

ரூபனுக்கு அனுமதி கிடைத்ததும் அரை மணி நேரத்தில் அவன் மூன்று வருடத்துக் கணக்கையும் தீர்த்துக்கொண்டான். நாற்காலியில் ஏறி நின்று எழுத்துகளைக் கத்தினான், சுவரைத் தட்டி மாமா, கேக்குதா என்றான். உள்ளேயிருந்து கேக்குதுடா, தூக்கம் வருதுடா என்று பதில் வந்தது. அன்று மத்தியானம் மூன்று மணி தாண்டியும் கணபதியின் கதவு திறக்கவில்லை, அசந்து தூங்கிவிட்டான். எப்சிபா மட்டும் தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் ஒவ்வொரு முறை கத்தும்போதும் அவள் தோள் குறுகியது, உடனே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

வியாழன், வெள்ளி, சனி. பிரிஸ்கில்லா கெஞ்சினாள், ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னாள், தானே உரக்க வாசித்துக் காட்டினாள். தன் குரல் இவ்வளவு கரகரப்பாக இருப்பது அவளுக்கே புதிதாக இருந்தது. வெள்ளிக்கிழமை நடக்கிற ஞாயிறு பள்ளியில், பிள்ளைகள் கைதட்டிப் பாடியபோது எப்சிபாவின் வாயும் அசைந்தது. இத்தனை நாள் அதைப் பாட்டு என்று நினைத்திருந்தவள், இப்போது முதல் முறையாகப் பக்கத்தில் போய் நின்று கேட்டாள். ஒன்றும் இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மா பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பொண்ண மாதிரி அடக்கமா ஒண்ணக் காட்டுங்க பாப்போம் என்றாள். பிரிஸ்கில்லா கையை உருவிக்கொண்டு செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை எப்சிபாவை வாசிக்கச் சொல்லிவிட்டு, சோற்றை வடிக்க அடுப்படிக்குப் போனாள். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. வடித்துவிட்டு ஹாலுக்கு வந்தால் எப்சிபா தலை குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபன் தரையில் படுத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, அக்கா பேசுனா," என்றான்.

"எப்ப?"

"இப்பதான். நீ போனேல்ல, அப்ப. பெருசா வாசிச்சா. நீ வந்தேல்ல, நிறுத்திட்டா."

பிரிஸ்கில்லா மகளைப் பார்த்தாள். எப்சிபா தம்பியைக் கோபமாகப் பார்த்துவிட்டு, அம்மா திட்டப்போகிறாளோ என்று பயந்து புத்தகத்தை மூடினாள்.

"உள்ளதாம்மா, வாசிச்சியா?"

எப்சிபா தலையை மட்டும் அசைத்தாள்.

பிரிஸ்கில்லா துடைக்கிற துணியோடு மறுபடி அடுப்படிக்குள் போனாள். ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்கலாமா என்று கை போனது. நிறுத்தினால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இரைச்சலுக்குள் நின்றாள். அறைக்குள் தூங்குகிற ஆளுக்குப் பயந்து பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று இந்த நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளைப் பிள்ளை பார்ப்பதே மத்தியானத்துக்கு மேல்தான். ஏழு மணியிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு உதட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது யார்? திங்களும் செவ்வாயும் வாசிக்கும் நேரத்துக்கு அவள் குப்பையைக் கொட்டுகிறேன், கடைக்குப் போகிறேன் என்று படியிறங்கிப் போய், கட்டட வாசலில் வெயிலில் நின்றுவிட்டு வந்தாள். வந்ததும் ரூபன் செய்தி வாசிப்பான். இன்னைக்கு ரெண்டு பக்கம்மா. எப்சிபா லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் எத்தனை மணி நேரமானாலும் வெயிலில் நிற்கலாம் என்று பிரிஸ்கில்லாவுக்கு இருந்தது.

புதன்கிழமை வத்சலா மிஸ் அறை வாசலில் எப்சிபாவின் தோளில் கை வைத்து உள்ளே அழைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார். போகும்போது எப்சிபா திரும்பிப் பார்த்தாள். பிரிஸ்கில்லா வேண்டுமென்றே சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்ப்பது போல நின்றாள். அங்கே ஒரு நீள நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தாள். எழுந்தாள். கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும், போய் உட்கார்ந்துவிடலாம்.

அந்த நேரம் பார்த்து மழலையர் வகுப்பு ஒன்று வராந்தாவில் திரும்பியது. முன்னால் ஒரு ஆயா, பின்னால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருபது முப்பது பிள்ளைகள். ஒன்று பாடியது, ஒன்று தண்ணீர் பாட்டிலைச் சுவரில் உரசிக்கொண்டே வந்தது, ஒன்று தனக்கு முன்னால் இருந்தவன் தள்ளிவிட்டான் என்று ஆயாவிடம் முறையிட்டது. வராந்தா முழுக்க இரைச்சல் நிரம்பிவிட்டது. பிரிஸ்கில்லா கதவோடு காதை ஒட்டினாற்போலச் சாய்ந்தாள். எதுவும் பிரித்துக் கேட்க முடியவில்லை. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் இதுகள் வாயை மூடினால் என்ன என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி, மற்றதைக் கை செய்துவிட்டது. ஆள்காட்டி விரல் உதட்டுக்குப் போயிற்று, பல்லிடுக்கில் அந்த ஓசை வந்தது.

"உஷ்ஷ்."

உரத்த ஓசை இல்லை. ஆனால் பழகிப் பழகிக் கூர்மையான ஓசை. வரிசை முழுக்க ஒரே கணத்தில் நின்றது. பாட்டு நின்றது, பாட்டில் நின்றது, ஆயாவும் திரும்பிப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் கண்ணை விரித்து அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன. அந்த அமைதியில்தான் அவளுக்குத் தெரிந்தது, அதுவரை இரைச்சலுக்கு நடுவே இன்னொரு குரலும் இருந்திருக்கிறது. கதவுக்கு உள்ளேயிருந்து, மெல்லியதாக, இழுத்து இழுத்து, ஏதோ வாசித்துக்கொண்டிருந்த குரல். இப்போது அது இல்லை. அதுவும் நின்றுவிட்டது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. மிஸ் ஏதோ கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார்.

பிரிஸ்கில்லா விரலை உதட்டிலிருந்து எடுத்தாள். பிள்ளைகளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"பேசுங்க," என்றாள். "பேசுங்கம்மா, பேசுங்க."

அதுவும் ரகசியக் குரலில்தான் வந்தது. பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஆயா கையைக் காட்ட, வரிசை மெல்ல நகர ஆரம்பித்தது. கடைசியாக வந்த சின்னப் பெண், இரட்டைப் பின்னல் போட்டவள், சாத்திய கதவை ஒருமுறை பார்த்தாள், பிரிஸ்கில்லாவை ஒருமுறை பார்த்தாள், எல்லாம் புரிந்துவிட்டது போலத் தலையாட்டினாள். பிறகு தன் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, ஷூ தரையில் படாமல், நுனிக்காலில் அவளைக் கடந்து போனாள்.